அஞ்சலை போட்ட சண்டை

"அம்மா, அந்தக் காலமெல்லாம் எங்க போச்சு?"

வந்ததும் வராததுமாகத் தர்மலிங்கம் கேட்டார். செருப்பைக்கூட இன்னும் கழற்றவில்லை.

அரசியம்மா வாசல்படியில் குந்தி, ஒரு பழைய கரண்டியால் பாசியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எந்தக் காலம், ஐயா?"

"எங்க காலம். எல்லாரும் ஒண்ணா இருந்த காலம்."

சிரம்பானை விட்டுச் சற்றுத் தள்ளி, ரப்பர் மரங்களுக்கு நடுவே இருந்தது அந்தப் பலகை வீடு. அரசியம்மா ஒரு காலத்தில் அரசாங்க மருத்துவமனையில் தாதி. ஒருநாள் வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்தார். காவி இல்லை, உருத்திராட்சம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்கள் வருவார்கள். கொஞ்ச நேரம் சும்மா இருப்பார்கள். கேட்டால் பதில் சொல்வார். பாதி நேரம் அந்தப் பதிலும் ஒரு கேள்வியாக இருக்கும்.

அவருக்கு வயது நாற்பத்தாறு. தர்மலிங்கத்துக்கு அறுபத்து நாலு. தண்ணீர் இலாகாவில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி கமலம் இறந்த வாரத்தில் முதன்முதலாக இங்கே வந்தார். இரண்டு வருடமாக ஒரு ஞாயிறும் தவறவில்லை.

"சொல்லுங்க" என்றார் அரசியம்மா.

தர்மலிங்கம் படியில் உட்கார்ந்தார். சொல்ல ஆரம்பித்தால் அவருக்கு நிறுத்தத் தெரியாது.

"கிம்மாஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ். ஏழு வீடு, ஒரே வரிசை. எங்கப்பா தண்டவாளம் பார்க்கிற ஆள். பக்கத்து வீடு சீனர், ஃபிட்டர். அதுக்கு அடுத்தது மலாய்க்காரர், ரயில் கார்டு. மெயில் ரயில் போனா ஏழு வீட்டுத் தட்டும் ஒரே நேரத்துல ஆடும். எங்க வீட்டுல முறுக்கு சுட்டா ஏழு வீட்டுக்கும் போகும். சீனப் புத்தாண்டுக்கு ஆரஞ்சு வரும். நோன்புப் பெருநாளைக்கு லெமாங் சோறு வரும், மூங்கிலோட. நான் சைக்கிள் பழகினது அந்தச் சீனர் சைக்கிள்லதான். சீட்டு எட்டாது. கம்பிக்கு நடுவுல காலை விட்டு ஓட்டுவேன். அவர் பின்னால ஓடி வருவார், பனியனோட."

சொல்லும்போதே அவர் குரல் இளகியது.

"இப்ப?" என்றார் அரசியம்மா.

"இப்பப் பக்கத்து வீட்டு மலாய்க்காரன் மூணு மாசமா என் முகத்தைப் பார்க்கிறதில்ல. நானும் பார்க்கிறதில்ல."

"ஏன்?"

"முருங்கை மரம். கமலம் வெச்சது. கிளை அவன் பக்கம் போச்சு. நான் தம்பி வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிட்டு வந்து பார்க்கிறேன், பெரிய கிளையை வெட்டிச் சாய்ச்சிருக்கான். கம்பளிப்பூச்சி விழுதாம். ஒரு வார்த்தை கேக்க வேணாமா? அந்தக் காலத்துல இப்படி நடக்குமா?"

அதற்கு முன்னால் அவன் இரண்டு முறை சொல்லியிருந்தான். அதைத் தர்மலிங்கம் சொல்லவில்லை. இன்னொன்றையும் சொல்லவில்லை.

அரசியம்மா கரண்டியைத் தண்ணீரில் அலசினார்.

"நீங்க சொன்னது பூரா பலகாரமா இருக்கே, ஐயா."

"அதுதானேம்மா ஒற்றுமை?"

"அந்தக் காலத்துல எப்படிச் சண்டை போட்டாங்க?"

தர்மலிங்கத்துக்கு விளங்கவில்லை.

"சண்டையா? சண்டையே கிடையாதும்மா."

"ஏழு வீடு. ஒரே வரிசை. சண்டையே இல்ல."

"இல்லம்மா."

"அந்த வீட்டு ஆளுங்க யாராவது இன்னும் இருக்காங்களா?"

"தெரியலையே. அந்தச் சீன ஆண்ட்டி இருக்கலாம். கிம்மாஸ்லயே இருக்கிறதா யாரோ சொன்னாங்க."

"போய்க் கேட்டுட்டு வாங்க."

"என்னன்னு?"

"எப்படிச் சண்டை போட்டாங்கன்னு."

அவர் மறுபடியும் பாசியைச் சுரண்ட ஆரம்பித்தார். 

*

தர்மலிங்கத்துக்குக் கோபம்தான். ஆறுதல் தேடிப் போன இடத்தில் அலைச்சல் கிடைத்தது. இருந்தாலும் புதன்கிழமை காலை ரயிலேறினார்.

கிம்மாஸில் குவார்ட்டர்ஸ் இல்லை. இருந்த இடத்தில் இடுப்பளவு லாலான் புல். ஒரு குழாய் மட்டும் புல்லுக்குள் நிமிர்ந்து நின்றது, தலையில்லாமல்.

அவர் அங்கே கொஞ்ச நேரம் நின்றார். வீடு எங்கே இருந்தது என்று கணக்குப் போட்டுப் பார்த்தார். பிடிபடவில்லை. ரயில் ஒன்று போயிற்று. ஆடுவதற்குத் தட்டுகள் இல்லை.

கடைத்தெருவில் விசாரித்தார். ஒரு டயர் கடையைக் காட்டினார்கள். கடைக்காரருக்கு இவர் வயதுதான் இருக்கும். கையெல்லாம் கரி.

"ரயில்வே குவார்ட்டர்ஸ்ல இருந்த ஒரு ஆண்ட்டியைத் தேடறேன்" என்றார் தர்மலிங்கம், மலாயில். "வாத்து வளர்ப்பாங்க."

"பேர் என்ன?"

தர்மலிங்கம் வாயைத் திறந்தார். மூடினார்.

ஒன்பது வருடம் அந்த வீட்டுக்குள் போய் வந்திருக்கிறார். அவர்கள் வீட்டுச் சுவரில் தொங்கிய நாட்காட்டியின் படம் ஞாபகம் இருக்கிறது. சோயா சாஸ் வாசம் ஞாபகம் இருக்கிறது. பேர்?

"சீன ஆண்ட்டி" என்றார்.

கடைக்காரர் குறும்பாகச் சிரித்தார். "இந்த ஊர்ல பாதிப் பேர் சீன ஆண்ட்டிதான்."

"நான் அஞ்சலை மகன். தண்டவாளத்துல வேலை பார்த்தவர் வீடு. அஞ்சலைன்னு சொன்னா அவங்களுக்குத் தெரியும்."

கடைக்குப் பின்னால் நாற்காலி நகர்ந்தது.

"அஞ்சலையா?" என்று ஒரு குரல் வந்தது. தமிழில். "எந்த மூதேவிடா அஞ்சலை பேரைச் சொல்றது?"

தர்மலிங்கத்துக்கு மயிர்க்கூச்செறிந்தது. அது அவர் அம்மாவின் வார்த்தை. அதே ஏற்றம், அதே இறக்கம், கடைசி எழுத்தில் அதே வெட்டு. அம்மா போய் இருபத்தொரு வருடம் ஆகிறது.

பூப்போட்ட சட்டையும் காற்சட்டையுமாக ஒரு கிழவி வந்து நின்றாள். எண்பத்தைந்து வயதிருக்கும். கண்ணைச் சுருக்கிக்கொண்டு இவரைப் பார்த்தாள்.

"லிங்கமா? சைக்கிள் ஓட்டிச் சாக்கடையில விழுந்தவன்?"

"ஆமா, ஆண்ட்டி."

"கிழவனாயிட்டியேடா" என்றாள்.

*

கடைக்குப் பின்னால் ஒரு மேசை. சூடான சீனத் தேநீர் வந்தது. அவளே ஊற்றினாள்.

"நல்லாத் தமிழ் பேசறீங்க, ஆண்ட்டி."

"உங்கம்மா சொல்லிக் குடுத்தது. பாதி ஏச்சு."

"ஏச்சா?"

"பின்ன? பாடமா சொல்லிக் குடுத்தா? ஏசுவா. எனக்கு விளங்காது. மலாய்க்கார அக்காவுக்குத் தமிழ் தெரியும், அவகிட்டப் போய் என்ன அர்த்தம்னு கேப்பேன். அர்த்தம் தெரிஞ்சதும் திரும்பி வந்து நான் ஏசுவேன். அப்படித்தான் கத்துக்கிட்டேன்."

தர்மலிங்கம் டம்ளரை மேசையில் வைத்தார்.

"எங்கம்மாவும் நீங்களும் சண்டை போட்டீங்களா?"

கிழவி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"ஏழு மாசம் பேசலையே. உனக்குத் தெரியாதா?"

"ஏழு மாசமா? நான் தினமும் உங்க வீட்டுக்கு வந்தேனே!"

"நீ வருவே, சாப்பிடுவே, போவே. எம் பையனும் உங்க வீட்டுக்குப் போவான். பிள்ளைகளுக்கு என்ன? நாங்க ரெண்டு பேரும்தான் பேசலை. குழாயடியில அவ வாளி வெச்சா நான் திரும்பி நிப்பேன்."

"எதுக்காக?"

"வாத்து. வேலி ஓட்டையில புகுந்து அவ கீரைப் பாத்தியைப் பூரா தின்னுடுச்சு. ஒரு பாத்தி இல்ல, மூணு. அவ ஒரு வாத்தைப் பிடிச்சுக் கூடையைப் போட்டுக் கவுத்தா. வெயில்ல அது செத்துப் போச்சு. முட்டை போடற வாத்து! நான் திருடின்னேன். அவ என்னை என்னவெல்லாம் சொன்னா தெரியுமா?"

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கையை இடுப்பில் வைத்தாள்.

"அடி சியூ லான்! நீ நல்லா இருப்பியாடி? உன் வாயில மண்ணு விழ! வாத்து மாதிரியே வாயைப் பாரு, வாயை! அடி எடுபட்டவளே!"

டயர் கடையில் வேலை நின்றுவிட்டது. கடைக்காரரான அவள் மகன் எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்.

தர்மலிங்கம் சிரிக்கவில்லை. கண் நிறைந்துவிட்டது. அம்மா எதிரில் உட்கார்ந்திருந்தாள். இருபத்தொரு வருடம் கழித்து, ஒரு சீனக் கிழவியின் வாய்க்குள்.

"உங்க பேர் சியூ லானா, ஆண்ட்டி?"

"இத்தனை வருஷம் கழிச்சுக் கேக்கறியா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்புறம் எப்படிப் பேசினீங்க?" என்று கேட்டார்.

சியூ லான் தேநீரை ஒரு வாய் குடித்தாள். குரல் தணிந்தது.

"அறுபத்தொன்பது. மே மாசம். கோலாலம்பூர்ல இனக்கலவரம் வந்து ஊரடங்கு போட்டாங்களே, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. அம்மா அவரையும் தங்கையையும் கட்டிலுக்கு அடியில் தள்ளியது ஞாபகம் இருந்தது. சிமெண்ட் தரையின் குளிர்ச்சி. மூக்கில் ஏறிய தூசி. வெளியே ஒரு சத்தமும் இல்லை. ரயில்கூட ஓடவில்லை.

"எம் புருஷன் வேலையா கோலாலம்பூர் போயிருந்தார். அங்கயே மாட்டிக்கிட்டார். உயிரோட இருக்காரா, இல்லையா, தெரியாது. நான், ரெண்டு பிள்ளைங்க. கதவு, ஜன்னல் எல்லாம் சாத்திட்டேன். யார் யாரோ என்னென்னமோ சொன்னாங்க. மலாய்க்காரன் வருவான்னாங்க. மலாய்க்கார அக்கா வீட்டுல போய்ச் சீனன் வருவான்னு சொல்லியிருக்காங்க. எனக்கு யாரைப் பார்த்தாலும் பயம். பிள்ளைங்க அழாம இருக்க வாயைப் பொத்தி வெச்சிருந்தேன்."

அவள் கை தானாக வாயருகே போய் வந்தது.

"ரெண்டாம் நாள். பட்டப்பகல். கொல்லைப் பக்கம் உங்கம்மா சத்தம். அடி சியூ லான்! உன் வாத்துக எங்கடி? மறுபடியும் எம் பாத்தியில விட்டுடலாம்னு பார்க்கிறியா? செத்துட்டியா, இருக்கியா? பதில் சொல்லுடி!"

 அந்தக் குரலைத் தர்மலிங்கம் அன்றைக்குக் கேட்டிருந்தார், கட்டிலுக்கு அடியில் இருந்து. அம்மா ஏன் வெளியே கத்துகிறாள் என்று புரியாமல் அழுதிருக்கிறார்.

"அப்ப அவ பாத்தியில கீரையே கிடையாது" என்றாள் சியூ லான். "காஞ்சு கிடந்துச்சு."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"கொஞ்ச நேரம் கேட்டுக்கிட்டே இருந்தேன். அவ நிறுத்தலை. தொண்டை கட்டற மாதிரி கத்தறா. அப்புறம் கொல்லைக் கதவைத் திறந்தேன். நீதான்டி சாகணும், என் வாத்தைக் கொன்ன பாவின்னு நானும் ஏசினேன். மலாய்க்கார அக்கா அவ வீட்டு ஜன்னலைத் திறந்து ரெண்டு பேரையும் ஏசினா. பொழுது சாயற வரைக்கும் மூணு பேரும் ஏசினோம்."

அவள் சிரித்தாள். பற்கள் இரண்டுதான் இருந்தன.

"ஆறாம் நாள் என் புருஷன் நடந்து வந்து சேர்ந்தார். அது வரைக்கும் தினம் வந்து ஏசினா."

வெளியே யாரோ சக்கரத்துக்குக் காற்றடித்தார்கள். அவள் தன் டம்ளரைக் காலி செய்தாள்.

"அவ்வளவு ஏசினாளே" என்றாள் பிறகு. "ஒரு தடவை. ஒரே ஒரு தடவைகூட என்னைச் சீனத்தின்னு சொன்னதில்ல."

தர்மலிங்கத்தின் முகம் கறுத்துவிட்டது.

"என்னடா?"

"ஒண்ணுமில்ல, ஆண்ட்டி. தேத்தண்ணி சூடு."

தேத்தண்ணி எப்போதோ ஆறிப்போயிருந்தது.

*

ஞாயிற்றுக்கிழமை அரசியம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

தர்மலிங்கம் எல்லாவற்றையும் சொன்னார். வாத்து, கீரைப் பாத்தி, ஊரடங்கு. ஏசிக் காட்டும்போது அவர் குரலும் அம்மா குரலாகிவிட்டது. அரசியம்மா ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

சொல்லி முடித்தபின் தர்மலிங்கம் படியில் உட்கார்ந்தார்.

"நான் ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன்மா."

"தெரியும்."

"எப்படி?"

"மரத்துக்காக மட்டும் ரெண்டு பேர் மூணு மாசம் முகத்தைத் திருப்பிக்க மாட்டாங்க."

தர்மலிங்கம் தரையைப் பார்த்துச் சொன்னார்.

"வெட்டின கிளையைப் பார்த்ததும் எனக்குத் தலை கிறுகிறுன்னு ஆயிடுச்சு. அவன் வாசல்ல நின்னு கத்தினேன். உங்க ஆளுங்களே இப்படித்தான்டான்னேன். அவன் பொண்டாட்டி நின்னா. அந்தச் சின்னப் பொண்ணு நின்னுச்சு. அவன் உள்ள போய்க் கதவைச் சாத்திட்டான்."

அரசியம்மா துணியை உதறிக் கொடியில் போட்டார்.

"மன்னிப்புக் கேட்டுடறேன்மா."

"கேளுங்க. மரம்?"

"மரத்தை விட்டுடறேன். வெட்டினது வெட்டினதாவே இருக்கட்டும். அதைப் பத்தி இனி ஒரு வார்த்தை பேச மாட்டேன். சிரிச்சுக்கிட்டுப் போயிடறேன்."

"நெஜமாவா?"

தர்மலிங்கம் உதட்டைக் கடித்தார். ஆமாம் என்று சொல்லத்தான் பார்த்தார்.

"இல்லம்மா. மனசு கேக்கல. கமலம் வெச்சது."

"அப்பப் போய்ச் சண்டை போடுங்க" என்றார் அரசியம்மா.

காலி வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

*

வீட்டுக்கு வந்தபோது உச்சி வெயில். பக்கத்து வீட்டுக்காரன் தன் பள்ளி வேனைக் கழுவிக்கொண்டிருந்தான். இவரைப் பார்த்ததும் குழாயை மூடிவிட்டு உள்ளே போகத் திரும்பினான்.

"ஹம்டான்."

அவன் நின்றான்.

ஒன்பது வருடமாகப் பக்கத்து வீடு. "பாஸ்" என்றுதான் கூப்பிடுவார். அவனும் பதிலுக்குச் சிரிப்பான். ஹம்டான் என்ற பெயரை வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை.

"அன்னிக்கு ஒரு வார்த்தை சொன்னேன்" என்றார், மலாயில். "உங்க ஆளுங்கன்னு. அது என் வாயில வந்திருக்கக் கூடாது. உன் பொண்ணு முன்னாடி வந்திருக்கவே கூடாது. என்னை மன்னிச்சிடு."

ஹம்டான் வேனைப் பார்த்தான். வேனிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அந்த வார்த்தை இன்னும் இங்க இருக்கு" என்றான் கடைசியில், நெஞ்சைத் தொட்டு.

"இருக்கும்" என்றார் தர்மலிங்கம். "எனக்கும் இருக்கு."

அப்புறம் மூச்சை இழுத்துக்கொண்டார்.

"ஆனா அந்தக் கிளையை நீ வெட்டினது தப்பு! யாரைக் கேட்டு வெட்டினே, ஹம்டான்?"

அவன் இதை எதிர்பார்க்கவில்லை. விழித்தான். பிறகு அவன் முகமும் சிவந்தது.

"உங்ககிட்ட ரெண்டு தடவை சொன்னேன்!"

"மூணாவது தடவை சொல்லியிருக்கணும்!"

"எம் பொண்ணு டானியா உடம்பு பூரா தடிப்புத் தடிப்பா. சொரிஞ்சு சொரிஞ்சு அழுதா. அதைப் பார்த்துக்கிட்டு மூணாவது தடவை வேற வரணுமா?"

"வரணும்! அது எம் பொஞ்சாதி வெச்ச மரம்!"

"எனக்குத் தெரியாதா?" ஹம்டான் வேலிக்கு வந்துவிட்டான். இப்போது அவனும் கத்தினான். "அவங்க ஆஸ்பத்திரியில இருந்தப்ப நாப்பது நாள் நீங்க அங்கயே கிடந்தீங்க. மரம் அப்ப என் இடுப்பு உயரம். மழையே இல்ல. யார் தண்ணி ஊத்தினதுன்னு நினைக்கிறீங்க?"

தர்மலிங்கத்துக்குத் தெரியாது. இரண்டு வருடமாக அவர் அதை யோசித்ததே இல்லை.

எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது. ஹம்டானின் மனைவி ரொஹானா பயந்துபோய் வாசலுக்கு வந்து நின்றாள்.

தர்மலிங்கம் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கம்பி சுட்டது. கையை எடுக்கவில்லை.

"தண்ணி ஊத்தினவனுக்கு" என்றார்.  "வெட்டக் கை எப்படி வந்துச்சு, ஹம்டான்?"

"வரலை. போய்ப் பாருங்க, எவ்வளவு கோணலா வெட்டியிருக்கேன்னு."

இருவரும் மூச்சு வாங்க நின்றார்கள்.

ஹம்டான் நெற்றி வியர்வையைத் துடைத்தான். வேலிப் படலைத் திறந்தான்.

"லிங்கம் அங்கிள், வெயில்ல நின்னு கத்தாதீங்க. உள்ள வந்து கத்துங்க."